ஃப்ரீலான்ஸ் மெடிக்கல் கோடிங்: டிடிஎஸ், வருமான வரி, ஜிஎஸ்டி எப்படிப் பொருந்தும்?

சென்னை, கோவை, திருச்சி கம்பெனிகளில் சில வருடம் மெடிக்கல் கோடிங் (சிகிச்சைக் குறிப்பைக் காப்பீட்டு க்ளெய்முக்கான கோடுகளாக மாற்றும் வேலை) பார்த்துவிட்டு, சிபிசி அல்லது சிசிஎஸ் என்ற கோடர் சான்றிதழோடு வீட்டிலிருந்தே சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) எடுத்துச் செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். சம்பளம் என்ற பெயர் போய் ‘ப்ரொஃபஷனல் ஃபீஸ்’ என்று பணம் வரத் தொடங்கினால், வரிச் சட்டத்தின் கணக்கில் நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர். சம்பளத்தில் பிடித்த வரிக்கான ஃபார்ம் 16 வராது, மற்றப் பணத்தில் பிடித்த வரிக்கான 16ஏ வரும். சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலையான கழிவு கிடையாது. பிஎஃப், இஎஸ்ஐ, பணிக்கொடை எதுவும் இல்லை. இத்தனையும் போனாலும் வருமான வரியில் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. அதைத் தெரியாமல் பிடித்த வரியை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

ஒப்பந்தத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஷிஃப்ட் நேரம் அவர்களே வைக்கிறார்கள், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும், வேறு இடத்துக்கு வேலை செய்யக்கூடாது என்றெல்லாம் இருந்தால், அது பெயரளவில்தான் ‘கன்சல்டன்ட்’ வேலை. பிஎஃப் அலுவலகமோ தொழிலாளர் துறையோ விசாரித்தால் ஒப்பந்தத்தில் எழுதிய பதவிப் பெயரைப் பார்க்காது. வேலையைக் கட்டுப்படுத்துவது யார் என்றுதான் பார்க்கும்.

இங்கே தரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. 2025-26 நிதியாண்டு வருமானம் வரை அதுதான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டுவதற்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம், எண்கள் மாறும். உதாரணமாக 44ஏடிஏ-வில் (வரவில் பாதியை லாபமாகக் காட்டும் வசதி) இருந்தது அங்கே பிரிவு 58-க்குள் வருகிறது.

பணம் தருவது இந்தியக் கம்பெனி என்றால்

பெரும்பாலும் 194ஜே பிரிவில் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்து அரசிடம் கட்டும் வரி) பிடிப்பார்கள். ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000). தொழில்முறைச் சேவை என்று எடுத்தால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்று எடுத்தால் 2 சதவீதம். சிலர் 194சி-யில் ஒப்பந்த வேலை என்று காட்டி தனிநபருக்கு 1 சதவீதம் மட்டும் பிடிக்கிறார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். எந்தப் பிரிவில் பிடிக்கப்போகிறார்கள் என்பதை முதல் இன்வாய்ஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பின்னால் ரிட்டர்னில் நீங்கள் காட்டுவதும், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

மாதம் 60,000 ரூபாய், வருடத்துக்கு 7,20,000. 10 சதவீதம் பிடித்தால் 72,000 அரசிடம் போயிருக்கும். 44ஏடிஏ பிரிவின்படி மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும்: 3,60,000. வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆக அந்த 72,000 முழுவதும் உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம். ஆனால் ஐடிஆர்-4 படிவத்தில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் வரும். வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் டிடிஎஸ் 25,000-ஐத் தொட்டாலோ, தொழில்முறை வரவு 10 லட்சத்தைத் தாண்டினாலோ தாக்கல் கட்டாயம்.

44ஏடிஏ: வசதியும் சிக்கலும்

ஆண்டு வரவு 50 லட்சம் வரை இதைப் பயன்படுத்தலாம். ரொக்கமாக வந்தது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், தணிக்கை வேண்டாம். லேப்டாப், இன்டர்நெட், என்கோடர் (கோடு தேடும் மென்பொருள்) சந்தா, கோடர்களின் அமைப்பான ஏஏபிசி-யின் உறுப்பினர் கட்டணம் எல்லாமே அந்த மீதிப் பாதிக்குள் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது; தனியாகக் கழிக்க முடியாது. 2025-26-க்கு புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். எனவே வேறு வருமானம் இல்லாதவருக்கு 24 லட்சம் வரவு வரை வரி வராது.

சிக்கல் இதுதான். 44ஏடிஏ எல்லாத் தொழிலுக்கும் இல்லை. சட்டம், மருத்துவம், பொறியியல், கணக்கியல், கட்டடக்கலை, தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், இவற்றோடு அரசாணையில் சேர்த்த சில தொழில்கள். ‘மெடிக்கல் கோடிங்’ என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவம் என்பது நோயாளியைப் பார்க்கும் தொழில், நமக்குப் பொருந்தாது. சான்றிதழ் பெற்றவர் ஐசிடி-10-சிஎம் (நோய்க்கான கோடு), சிபிடி (சிகிச்சைக்கான கோடு) இவற்றைச் சரிபார்த்து ஆடிட் செய்கிறார், மறுக்கப்பட்ட க்ளெய்முக்குக் கருத்துச் சொல்கிறார் என்றால் அதைத் தொழில்நுட்ப ஆலோசனை என்று காட்ட நல்ல அடிப்படை இருக்கிறது. ஒரு சார்ட்டுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கில் செய்யும் புரொடக்‌ஷன் கோடிங் வணிகத்துக்கு நெருக்கமானது என்று வாதிட இடமுண்டு. அப்படிப் பார்த்தால் சிறு வணிகத்துக்கான 44ஏடி பிரிவு வரும். அதில் வங்கி வழி வரவுக்கு 6 சதவீத லாபம் காட்டினாலே போதும்.

இந்த 6 சதவீத ஆசைதான் ஆபத்து. கம்பெனி 194ஜே-யில் 10 சதவீதம் பிடித்து, அது தொழில்முறைக் கட்டணம் என்று 26ஏஎஸ்-இல் பதிவாகியிருக்கும்போது, நீங்கள் வணிகம் என்று 6 சதவீதம் காட்டினால் கேள்வி வரும். வீட்டில் ஒரு கணினியோடு வேலை செய்பவருக்கு 94 சதவீதம் செலவாகியிருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். 194ஜே பிடித்தம் இருக்கும் கோடர் 50 சதவீதம் காட்டிப் போவதே எங்கள் பரிந்துரை. 44ஏடி-யில் நுழைந்து அடுத்த 5 வருடத்துக்குள் வெளியேறினால், மேலும் 5 வருடத்துக்கு அதற்குள் வர முடியாது. 44ஏடிஏ-வில் அந்தப் பூட்டு இல்லை. உண்மையான லாபம் பாதிக்கும் குறைவு என்று காட்டுவதானால் மட்டும் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும்.

இன்னொன்றும் தவறிப்போகிறது: மொத்த வரவு என்பது இன்வாய்ஸ் தொகை. வேலை தரும் இணையத் தளமோ பணப்பரிமாற்ற நிறுவனமோ கமிஷன் எடுத்தபின் வங்கிக்கு வந்தது அல்ல. 1,000 டாலர் பில்லில் 100 டாலர் கழிந்தாலும் கணக்கில் 1,000-தான்.

பணம் அமெரிக்காவிலிருந்து நேரடியாக வந்தால்

அங்குள்ள பில்லிங் நிறுவனமோ க்ளினிக்கோ இந்திய டிடிஎஸ் பிடிக்காது. நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சான்று தரும் டபிள்யூ-8பிஇஎன் படிவம் கேட்பார்கள். வேலை முழுவதும் இந்தியாவில் நடப்பதால் அந்த நாட்டின் 30 சதவீதப் பிடித்தம் பொருந்தாது என்பதற்கு அதுதான் ஆதாரம். ஆகவே வரியை நீங்களே கட்ட வேண்டும். வருட வரவு 30 லட்சம் என்றால் வருமானம் 15 லட்சம். புதிய முறையில் வரி 1,05,000, 4 சதவீத செஸ்ஸோடு 1,09,200. 44ஏடிஏ-வில் இருப்பவர் முன்வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டாம். மார்ச் 15-க்குள் ஒரே தவணை. தவறினால் 234பி, 234சி பிரிவுகளில் மாதத்துக்கு 1 சதவீதக் கணக்கில் வட்டி சேரும்.

பணத்தை வெளிநாட்டுக் கணக்கிலோ வாலட்டிலோ நிறுத்தி வைக்காதீர்கள். வெளிநாட்டுச் சொத்து இருந்தால் ஐடிஆர்-4 பயன்படுத்த முடியாது. ஐடிஆர்-3-க்குப் போய் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையும் நிரப்ப வேண்டியிருக்கும்.

ஜிஎஸ்டி

தமிழ்நாட்டில் சேவைக்கான பதிவு வரம்பு வருடம் 20 லட்சம். மற்ற மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ சேவை தந்தால் முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2017 அக்டோபர் அறிவிக்கையே சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் வரை விலக்குத் தந்துவிட்டது. ஆனால் அந்த 20 லட்சத்தில் ஏற்றுமதியும் சேரும், உங்கள் பெயரில் வீட்டு வாடகை வந்தால் அதுவும் சேரும்.

‘மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி இல்லையே’ என்பது அடிக்கடி கேட்கும் தவறு. அந்த விலக்கு மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும். கோடிங்குக்கு 18 சதவீதம். சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்து, சார்ட் அமெரிக்க நோயாளியுடையதாக இருந்தாலும் அது ஏற்றுமதி ஆகாது. உங்கள் வாடிக்கையாளர் சென்னைக் கம்பெனி, பணம் ரூபாயில். அந்தக் கம்பெனி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருந்து, அங்கே அனுமதித்த பணிக்காக உங்கள் சேவையைப் பெற்றால் மட்டும் பூஜ்ய வரி.

நேரடி வெளிநாட்டு வாடிக்கையாளர், பணம் அந்நியச் செலாவணியில் வருகிறது என்றால் ஏற்றுமதி, பூஜ்ய வரி. பதிவு செய்தவர் ஒவ்வொரு நிதியாண்டும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி) போட வேண்டும். போர்ட்டலில் சில நிமிட வேலை, கட்டணம் இல்லை. ஏப்ரலில் புதுப்பிக்க மறந்தால் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி கட்டிவிட்டுப் பின்னால் திரும்பக் கேட்க வேண்டிய நிலை வரும். நீங்களே சார்ட் பார்த்துக் கோடு போடுகிறவரை நீங்கள் இடைத்தரகர் இல்லை; அந்தக் காரணம் சொல்லி இது ஏற்றுமதி இல்லை என்று மறுக்க முடியாது. 2021 செப்டம்பரில் வந்த 159 எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. பதிவு செய்தவர் வேலையே இல்லாத மாதத்திலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், விட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

இன்வாய்ஸில் தேதி, எண், பான், சேவை விவரம், சார்ட் எண்ணிக்கை, விலை, பதிவு செய்தவர் என்றால் எல்யுடி எண் போன்றவை இருக்கட்டும். நோயாளி பெயர், எம்ஆர்என் (மருத்துவமனைப் பதிவு எண்), பிறந்த தேதி இருக்கும் வேலைப் பட்டியலை இணைக்கவே கூடாது. அது ஆடிட்டருக்கும் வங்கிக்கும் போகும் தாள். நோயாளி ரகசியம் காக்கும் அமெரிக்க ஹிப்பா விதியும் உங்கள் ரகசிய ஒப்பந்தமும் அங்கேயே உடைந்துவிடும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடமிருந்து எஃப்ஐஆர்ஏ (வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று) வாங்கி இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள். ஏற்றுமதி என்று நிரூபிக்க அதுதான் வேண்டும்.

சென்னையில் இருப்பவர் மாநகராட்சிக்குத் தொழில் வரியும் கட்ட வேண்டும். கம்பெனி பிடித்துக்கொண்டிருந்தது இனி உங்கள் பொறுப்பு. அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். செப்டம்பரிலும் மார்ச்சிலும் அரையாண்டு முடியுமுன் கட்டிவிடுங்கள்.