கர்ப்பப்பை எந்த வழியாக வெளியே வரும்?

"டாக்டர், எத்தனை ஓட்டை போடுவீர்கள்?" கர்ப்பப்பையில் வளரும், புற்றுநோய் அல்லாத ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தழும்பைப் பற்றிய கவலை, தவறில்லை. உள்ளே பிரித்த கர்ப்பப்பையை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

லேப்ராஸ்கோப்பி என்னும் துளைவழி அறுவை சிகிச்சைக்கு வயிற்றில் போடும் துளை அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. கர்ப்பப்பையோ கட்டிகளோடு சேர்ந்து ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருக்கும். பிறப்புறுப்பு வழியாக முழுதாக எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் துண்டு போட வேண்டும். அதற்கு மோர்சலேட்டர் என்றொரு கருவி உண்டு. சுழலும் கத்தி கட்டியைச் சீவிக் கீற்றுக் கீற்றாக வெளியே இழுத்துவிடும். வேலை சீக்கிரம் முடியும். சிதறும் துணுக்குகள்தான் சிக்கல். சாதாரணக் கட்டியின் துணுக்கே வயிற்றுக்குள் ஒட்டி மறுபடி வளர்வதுண்டு. கட்டி என்று நினைத்தது சார்கோமா புற்றுநோயாக இருந்துவிட்டால், ஓரிடத்தில் இருந்த நோயை நாமே வயிறு முழுக்க விதைத்தவர்கள் ஆவோம்.

2013இல் பாஸ்டனில் ஏமி ரீட் என்ற மயக்கவியல் மருத்துவருக்கு இதுதான் நடந்தது. ஆறு பிள்ளைகளின் தாய். அவரும் கணவரும் விடாமல் போராடினார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் கருவியைத் தவிர்க்கச் சொன்னது. ஃபைப்ராய்டுக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு மறைந்த சார்கோமா இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. கணக்கு மிகை என்று வாதிட்ட மருத்துவர்கள் உண்டு. நோய் அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கேனோ எம்ஆர்ஐயோ அதை உறுதியாகப் பிரித்துக் காட்டுவதில்லையே! ரீட் 2017இல் இறந்தார்.

அதற்காக எல்லோருக்கும் வயிற்றைத் திறக்கச் சொல்லமாட்டேன். பெரிய கீறலென்றால் காயத்தில் சீழ், காலில் ரத்தக்கட்டு என்று அதற்கும் வரிசை உண்டு. கருவி வேண்டியிருந்தால் துணுக்கு சிதறாதபடி கட்டியை ஒரு தனிப் பைக்குள் வைத்தே சீவ வேண்டும் என்று 2020இல் அதே நிர்வாகம் சொன்னது. மாதவிடாய் நின்றவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் அதுவும் வேண்டாம் என்றது. பையும் கிழியலாம்; இதை நோயாளியிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

எடுத்த கர்ப்பப்பை பயாப்சிக்குப் போகும். தையல் ஆறிய நிம்மதியில் பலர் அந்த ரிப்போர்ட்டை வாங்க வருவதேயில்லை. என் மேசை இழுப்பறையில் இப்போதும் நான்கைந்து கிடக்கின்றன. ஒவ்வொருவராக நான்தான் போன் செய்து அழைத்துக்கொண்டிருக்கிறேன்.