இரட்டைத் தள்ளுவண்டி: முன்சக்கரம் ஏன் தானாகத் திரும்புகிறது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மூத்தவனுக்கு இரண்டு வயது. இளையவள் பிறந்து மூன்று மாதம். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். அடுத்த விடுமுறைக்குத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும்போது, இரண்டு குழந்தைகளையும் உட்காரவைக்கும் தள்ளுவண்டி ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அங்கே கடையில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றில் இருக்கைகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. மற்றொன்றில் முன்னும் பின்னுமாக. "நம் ஊர்ச் சாலைக்கு எது சரிப்படும்?" என்பது கேள்வி.

அக்கம்பக்க வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், கடைக்காரர் மூன்றாவதாக ஒரு மாடலைக் காட்டும்போது உங்கள் கணவர் திகைத்து நிற்பார். கடையின் வழவழப்பான தரையில் எல்லா வண்டியும் விரல் பட்டாலே ஓடும். நம் பக்கத்து நிலம் வேறு. நானும் குமரி மாவட்டத்துக்காரன்தான். மேடு ஏறி இறங்கும் தெருக்கள், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய செம்மண் பாதைகள், விளிம்பு உடைந்து ஓரம் சரிந்த தார்ச்சாலைகள், தடுப்புச்சுவர் இல்லாத குளக்கரைத் திருப்பங்கள். இந்த நிலத்தில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு விடை அதன் முன்சக்கரத்தில் இருக்கிறது.

அதற்கு முன், சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்து வலுவில்லை. நிமிர்ந்த இருக்கையில் தூங்கினால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை மார்பில் படிந்து, மூச்சுக்குழல் மடங்கலாம். ஆகவே அவளுடைய இருக்கை ஏறக்குறையத் தட்டையாகச் சாயவேண்டும். ஆறு மாதம் வரையாவது இது கட்டாயம். வெயிலுக்காக வண்டி முழுவதையும் துணியால் மூடுவதும் வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறும். நம் கடலோர ஈரக்காற்றில் வியர்வையும் எளிதில் உலராது. மேற்கூரை உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினால் போதும்.

இனி முன்சக்கரத்துக்கு வருவோம்.

வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்திலிருந்து செங்குத்தாக ஒரு தண்டு இறங்குகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை அந்தத் தண்டைச் சுற்றி எந்தப் பக்கமும் திரும்பும். சக்கரத்தின் அச்சு தண்டுக்கு நேர் கீழே இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே இருக்காது. கவை வளைந்து, அச்சைச் சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கும். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர், சூப்பர் மார்க்கெட் டிராலி, அலுவலக நாற்காலி என்று எதைக் கவிழ்த்தாலும் இந்த இடைவெளியைப் பார்க்கலாம். கேஸ்டர் சக்கரம் என்று இதைச் சொல்வார்கள்.

இந்தச் சிறிய இடைவெளி செய்யும் வேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வண்டியை முன்னால் தள்ளுகிறோம். தண்டு முன்னே போகிறது. சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அதன் பின்னே வருகிறது. சக்கரம் சற்றே கோணலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உருள விரும்பும் திசை ஒன்று, வண்டி போகும் திசை வேறொன்று. உடனே தரை அதைப் பக்கவாட்டில் உரசுகிறது. அந்த உராய்வு விசை தொடுபுள்ளியில் விழுகிறது. தொடுபுள்ளி தண்டிலிருந்து விலகி இருப்பதால், அந்த விசை சக்கரத்தைத் தண்டைச் சுற்றித் திருப்புகிறது. எந்தப் பக்கமாக? எப்போதும் கோணலைக் குறைக்கும் பக்கமாக. இடப்பக்கம் கோணினால் வலப்பக்கம் திருப்பும், வலப்பக்கம் கோணினால் இடப்பக்கம் திருப்பும். கோணல் தீர்ந்ததும் பக்கவாட்டு உராய்வும் தீர்ந்துவிடும். திருப்புவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மலையடிவாரக் கூப்பில் யானை சங்கிலியில் இழுத்துப்போகும் மரத்தடியும் இதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. எந்தக் கோணத்தில் கிடந்தாலும் நாலு எட்டு வைப்பதற்குள் அது யானைக்கு நேர் பின்னால் வந்துவிடும்.

இடைவெளியே இல்லாவிட்டால் சக்கரத்தைத் திருப்ப விசை கிடைக்காது. கோணலாக நின்றபடியே இழுபடும். தொடுபுள்ளி தண்டுக்கு முன்னால் வந்துவிட்டால் இன்னும் விசேஷம். அப்போது உராய்வு கோணலைக் குறைப்பதில்லை, வளர்க்கிறது. சக்கரம் சரேலென்று 180 பாகை சுழன்று தண்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த பிறகுதான் அமைதியாகும். நேராக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்தி, மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஒரு கணம் எதுவும் நடக்காது. பிறகு முன்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடாலென்று திரும்பும். அந்த நேரத்தில் வண்டியின் முன்பகுதி இடமோ வலமோ ஒரு சாண் அசையும். லிஃப்டிலிருந்து பின்னோக்கி இழுத்து வெளியே வரும்போது வண்டி கதவில் இடிப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எந்தப் பக்கம் தள்ளினாலும் திரும்பிக்கொள்ளும் சக்கரம், பக்கவாட்டில் எதையும் பிடித்து நிறுத்தாது. முன்சக்கரம் பாரத்தைத் தாங்கும், ஆனால் திசையைத் தாங்காது. வண்டியை நேராக வைத்திருப்பவை இரண்டுதான்: திரும்பாத பின்சக்கரங்களும் உங்கள் கைகளும். அதனால் பின் அச்சிலிருந்து குழந்தைகளின் பாரம் எவ்வளவு தூரம் முன்னே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் கைகளின் உழைப்பு அமைகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். மூத்தவன் 12 கிலோ, இளையவள் 6 கிலோ, வண்டி 12 கிலோ. முன்பின் வகையில் பெரும்பாலும் பெரியவன்தான் முன்னால் உட்காருவான். பல மாடல்களில் பின் இருக்கைதான் தட்டையாகச் சாயும். பெரியவன் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னே, சின்னவள் 10 சென்டிமீட்டர் முன்னே, வண்டியின் சொந்தப் பாரம் 35 சென்டிமீட்டர் முன்னே என்று எடுத்துக்கொண்டு, எடையைத் தூரத்தால் பெருக்கினால், 720, 60, 420. மொத்தம் 1200 கிலோ-சென்டிமீட்டர். கைப்பிடி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. ஒரு படியில் ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்கவேண்டுமானால், 1200ஐ 30ஆல் வகுத்தால் வரும் 40 கிலோ அளவுக்குக் கைப்பிடியைக் கீழே அழுத்தவேண்டும். பிரசவமாகி மூன்று மாதமான ஒரு பெண்ணிடம் இதை எதிர்பார்க்கக்கூடாது.

அக்கம்பக்க வகையில் இரண்டு பேரும் 20 சென்டிமீட்டர் முன்னே இருப்பார்கள். வண்டியின் பாரம் 30 சென்டிமீட்டர் முன்னே. குழந்தைகளுக்கு 360, வண்டிக்கு 360; மொத்தம் 720. அழுத்தவேண்டியது 24 கிலோ. அதே குழந்தைகள், அதே எடை, ஆனால் உழைப்பு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிட்டது.

இதே எண் ஓரம் சரிந்த சாலையிலும் வந்து நிற்கும். சாலை இடப்பக்கம் சரிந்திருந்தால், பின்சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும், முன்சக்கரங்கள் திரும்பிக்கொடுக்கும். வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கி இறங்கும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், 1200 உள்ள வண்டி 120 கிலோ-சென்டிமீட்டர் திருப்புவிசையோடு ஓரத்துக்கு இழுக்கும். 720 உள்ள வண்டி 72. ஒரு தெரு முழுக்க அதை மணிக்கட்டால் எதிர்த்துக்கொண்டே நடக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஓரத்தில் குளம் இருக்கும் இடங்களில் இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன். வண்டியின் கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் அங்கே நடக்கவேண்டாம். நிற்கும்போதெல்லாம் பிரேக்கைப் போட்டுவிடுங்கள், அரை நிமிடம் நின்றாலும்.

அக்கம்பக்க வண்டியிலும் ஒரு குணக்கேடு உண்டு. ஒரு பக்கம் 12 கிலோ, மறுபக்கம் 6 கிலோ. கனமான பக்கத்துச் சக்கரங்கள் செம்மண்ணில் அதிகம் அழுந்தி, அதிகம் தடைபடும். வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். இதையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். சாலை எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பெரியவனை உட்காரவையுங்கள். பாரம் மேட்டுக்கு இழுக்கும், சரிவு பள்ளத்துக்கு இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் சரிக்கட்டும். வண்டி பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பும் குறையும்.

அகலம்தான் அக்கம்பக்க வண்டியின் உண்மையான குறை. பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டி வரும். வீட்டுக் கதவுகளை இப்போதே அளந்து அனுப்பிவிடுங்கள். மாலையில் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியிலோ, ஆடி மாதத்தில் குழித்துறை வாவுபலி பொருட்காட்சிக் கூட்டத்திலோ அந்த வண்டியோடு நுழைவது எளிதல்ல. பாதசாரி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் இடைஞ்சலற்ற அகலம் வேண்டும் என்று சாலை வடிவமைப்புக்கு நெறிகள் வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த அகலம் கிடைத்தால் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தும் விலகிப் போகலாம். கடைப் பலகையும் நிறுத்திய பைக்குகளும் அதைத் தின்றுவிட்டு, தாயையும் பிள்ளைகளையும் தார்ச்சாலையில் இறக்கிவிடுகின்றன. இது கோபப்படவேண்டிய விஷயம்.

சக்கரத்தின் அளவையும் பார்க்கவேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 2.5 சென்டிமீட்டர் தடையில் முட்டினால், நேராகத் தள்ளி ஏற்றுவதற்கு அந்தச் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைப்போல் 1.1 மடங்கு விசை வேண்டும். விட்டம் 30 சென்டிமீட்டரானால் மூன்றில் இரண்டு பங்கு போதும். தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்தைத் தொட்டுவிட்டால், எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் ஏறாது. நம் பழைய ஓட்டு வீடுகளின் நிலைப்படி பல சமயம் அந்த உயரத்தில்தான் இருக்கும். அங்கே வண்டியைத் திருப்பி, பெரிய பின்சக்கரங்களை முதலில் படியில் சேர்த்து, மேல்நோக்கிப் பின்னால் இழுக்கவேண்டும்.

கேஸ்டர் சக்கரம் வேகம் கூடினால் இடமும் வலமுமாகப் படபடவென்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோணலைச் சரிசெய்யத் திரும்பும் சக்கரம், நேர்நிலையைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து மறுபடியும் திரும்புகிறது. மெதுவான நடையில் உராய்வு இந்த ஆட்டத்தை அடக்கிவிடும். வேகத்தில், வண்டியின் ஓட்டத்திலிருந்தே ஆட்டத்துக்கு ஆற்றல் கிடைத்து அது வளர்கிறது. தண்டின் பிடிப்பு தளர்ந்திருந்தால் சீக்கிரமே தொடங்கிவிடும். விமானத்தின் சக்கரங்களுக்கும் இதே நோய் உண்டு. பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். குடைபோல் மடங்கும் இலேசான தள்ளுவண்டியை 1965இல் வடிவமைத்த ஓவன் மெக்லாரன், இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குத் தரையிறங்கு சக்கர அமைப்பை வடிவமைத்தவர். விமானத்தில் பழகிய அலுமினியக் குழாய்களைக் கொண்டு அவர் உருவாக்கிய வண்டி மூன்று கிலோவுக்கும் குறைவு.

சக்கரம் ஆடுவதை ஆராய ஒருவர் நிதி கேட்டால் நம் நாட்டில் சிரிப்பார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் சைக்கிள் ஏன் தானாக விழாமல் ஓடுகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இந்தக் கேஸ்டர் விளைவும் சுழலும் சக்கரத்தின் விளைவும் இல்லாமலேகூட ஒரு சைக்கிள் நிலையாக ஓட முடியும் என்று செய்தே காட்டினார்கள். அது 2011இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதில் ஒரு துளியாவது நம் செம்மண்ணில் ஓடும் தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் முன்சக்கரம் ஒரே வகைதான், பள்ளமும் ஒன்றுதான்.

வாசகியின் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்பதுபோல் வெறும் தள்ளுவண்டியையும் தள்ளக்கூடாது என்கிறாராம் மாமியார். வெறும் தொட்டிலை ஆட்டுவதால் எந்தக் குழந்தைக்கும் எதுவும் நேராது. ஆனால் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதால் பயனும் இல்லை; பாரம் இல்லாத கேஸ்டர் சக்கரம் தன் குணத்தைக் காட்டாது. எனவே அரிசிப் பையை வைத்துத் தள்ளுங்கள். மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். திருஷ்டிக்கென்று கறுப்புக் கயிறோ மணிகளோ குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் வண்டியில் தொங்கக்கூடாது. கயிறு கழுத்தில் சுற்றும், மணி தொண்டையில் அடைக்கும்.

கணவரிடமும் அரிசிப் பையைச் சொல்லுங்கள். வளைகுடாவில் தள்ளுவண்டி விற்கும் பெரிய கடைகளில் பெரும்பாலும் அரிசியும் கிடைக்கும். ஓர் இருக்கையில் 10 கிலோ, மற்றொன்றில் 5 கிலோ வைத்து, ஒரு கையால் தள்ளிப் பார்க்கட்டும். கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கட்டும். பிறகு 10 கிலோவை எடுத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கைப்பிடியில் மாட்டும் பையின் கனத்தை அங்கே தொங்கவிடட்டும். பெரியவன் திடீரென்று குதித்து இறங்கும்போது நடப்பது அதுதான். இலேசான வண்டி அப்போது பின்னால் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தை நேராகப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், செம்மண் பாதைக்கு அது தேவைப்படும். கடைசியாக, முன்சக்கரத்தைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டட்டும். புது வண்டியிலேயே தண்டு கடகடத்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.