பட்டை தெரிந்தால் போதாது: மதுவ இழைமணிப் புரதங்களும் பிறபொருளெதிரியும்

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ மதுவத்தின் சுவாசச் சங்கிலியை (இழைமணியில் சக்தி பெற உதவும் புரதத் தொடரை) ஆய்வுக்கு எடுக்கும் மாணவர், ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் பிறபொருளெதிரிக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட மதுவ வகை கைக்கு வருமா? வராவிட்டால், புரதங்களை ஜெல்லில் நிறைவாரியாகப் பிரித்து, தாளுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் தேடும்போது சரியான மூலக்கூற்று நிறையில் எவ்வளவு அழகான பட்டை விழுந்தாலும் அதை நம்ப முடியாது.

சுவாசச் சங்கிலியின் பெரிய புரதக் கூட்டங்களைச் ‘சிக்கல்’ என்று எண்ணிட்டு அழைப்பார்கள். ரொட்டி மதுவத்தில் சிக்கல் 1 கிடையாது; என்டிஐ1 என்ற ஒற்றைப் புரதம் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே ஆய்வு பெரும்பாலும் சிக்கல் 3ஐயும் 4ஐயும் சுற்றியே இருக்கும். ஷை1, கோவா1, எம்எஸ்எஸ்51, சிபிபி3, சிபிபி6, பிசிஎஸ்1 எல்லாம் இச்சிக்கல்களைக் கட்டும்போது உதவிவிட்டு விலகும் புரதங்கள். முடிந்த சிக்கலில் இவை இரா, கலத்திலும் மிகக் குறைவு. மனிதரில் ஷை1இன் இணையான சர்ஃப்1 பழுதானால் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் லீ நோய்க்கூட்டம் வரும் என்பதால் இவற்றின் மீது அக்கறை அதிகம்.

குறைவாக இருப்பதுதான் தொல்லை. பிறபொருளெதிரியை முயலுக்குப் புரதத்தை ஏற்றிப் பெறுகிறோம்; ஆனால் முயல்களின் குருதியில், நாம் எதையும் ஏற்றுமுன்பே மதுவத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதுண்டு. உண்மையான பட்டை மங்கலாகவும், அதன் அருகே பொய்ப் பட்டை பளிச்சென்றும் விழும். ஏற்றுவதற்கு முன் எடுத்த குருதி நீர்ப்பாயத்தையும் (செரம்) கேட்டு வாங்குங்கள். இயல்பு வகை, நீக்கிய வகை இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, எப்போதும் இருக்கும் இழைமணிப் புரதமான போ1இன் பட்டையால் இட்ட அளவைச் சரிபாருங்கள்.

நீக்கிய வகையும் ஏமாற்றும். ஷை1 இல்லாதபோது சிக்கல் 4இன் பகுதிகளான கொக்ஸ்1, கொக்ஸ்2 அளவும் விழுந்துவிடும். மறைந்த பட்டை ஷை1தானா, அதைச் சார்ந்த வேறொன்றா என்ற சந்தேகம் எஞ்சும். புரதத்தோடு எச்ஏ என்ற சிறு பெப்ற்றைட்டு அடையாளம் ஒட்டிய வகையில் அதே பட்டை சற்று மேலே நகர்ந்தால் சந்தேகம் தீரும். டாப் அடையாளம் ஒட்டியதை இதற்கு எடுக்காதீர்கள்: அதிலுள்ள புரதம் ஏ எந்த முயல் பிறபொருளெதிரியையும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு பொறி, இழைமணியின் சொந்த டிஎன்ஏ தொலைந்துபோவது. அந்த டிஎன்ஏ குறிக்கும் கொக்ஸ்1, 2, 3, சைட்டோகுரோம் பி நான்கும் சேர்ந்து மறைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்த டிஎன்ஏ அற்ற, ஆனால் கருவின் மரபணு நல்லதாயுள்ள வகையோடு இணைசேர்த்து, இருமடியம் சுவாசம் இருந்தால் மட்டுமே வளரவிடும் கிளிசரோலில் வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் டிஎன்ஏ பத்திரம்.

வளர்ப்பூடகத்தில் 2% குளுக்கோசு இருந்தால் சுவாசப் புரதங்கள் அடங்கிப்போகும். பழுதான வகை 3% கிளிசரோலில் வளராது. எனவே இரண்டையும் 2% கலக்டோசில் வளர்ப்பதே நியாயமான ஒப்பீடு.

கலச்சுவரைக் கரைக்க ஒரு கிராம் ஈர எடைக்கு 3 முதல் 5 மில்லிகிராம் சைமோலேஸ், 1.2 மோலார் சோர்பிற்றோலில், 30 பாகையில் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதன்பிறகு எல்லாம் பனிக்கட்டியில். 1,500 ஜீயில் (ஈர்ப்பின் 1,500 மடங்கு) குப்பையை ஒதுக்கி, 12,000 ஜீயில் 15 நிமிடம் சுழற்றினால் இழைமணி அடியில் தங்கும். செய்முறைத் தாள்களில் ‘அறை வெப்பநிலை’ என்றால் 20–25 பாகை. மட்டக்களப்பு மத்தியான மேசை அதற்குள் வராது. புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களைத் தடுக்க இடும் பிஎம்எஸ்எஃப் நீரில் தானாகவே சிதையும். பீஎச் 8இல், 25 பாகையில் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலானால் பாதி போய்விடும், சூட்டில் இன்னும் விரைவாக. கரைசலை முன்கூட்டிக் கலந்து வைக்காமல் ஒவ்வொரு படியிலும் புதிதாக இடுங்கள்.

மென்சவ்வுப் புரதங்களைக் கொதிக்கவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, ஜெல்லின் கிணற்று வாயிலேயே நின்றுவிடும். 37 பாகையில் 15 நிமிடம் போதும். கொக்ஸ்17 வெறும் 8 கிலோடால்டன். அதற்கு 0.2 மைக்ரோமீற்றர் துளையுள்ள தாளும், குறுகிய நேர மாற்றமும் வேண்டும். இல்லாவிட்டால் தாளைத் துளைத்து மறுபக்கம் போய்விடும்.

முழுச் சிக்கலையும், புரதங்களைக் குலைக்காமல் ஓட்டும் நீல இயல்நிலை ஜெல்லில் பார்ப்பதானால், புரதத்தின் ஒரு கிராமுக்கு 4 கிராம் டிஜிற்றோனின் என்ற மென்மையான சவர்க்காரம் இட்டால் 3உம் 4உம் ஒட்டிய பெருஞ்சிக்கல் நிலைக்கும்; டொடெசில் மால்ற்றோசைட் இட்டால் பிரிந்துவிடும். பெப்ற்றைட்டுக்கு எதிராகச் செய்த பிறபொருளெதிரி மடிந்த நிலையிலுள்ள புரதத்தைக் காணாமல் போகலாம். அப்போது ஜெல் கீற்றை, புரதத்தை விரிக்கும் சவர்க்காரமான எஸ்டிஎஸ்ஸில் நனைத்து இரண்டாம் திசையில் ஓட்டுங்கள். நீலத்தைக் கழுவ மெதனோல் தேவைப்படுவதால் நைத்திரோசெலுலோசுத் தாள் சரிவராது, பிவிடிஎஃப் தாள் வேண்டும்.

தாளின் வெற்றிடங்களில் பிறபொருளெதிரி ஒட்டாமல் தடுக்கக் கடையில் வாங்கும் சாதாரண பால்மா வேண்டாம், அது முழு ஆடைப்பால். கொழுப்பு நீக்கியதைத் தேடி 5% கரைசல் செய்யுங்கள்.

கடைசியாகச் சோடியம் அசைட்டு. பிறபொருளெதிரி கெடாமலிருக்க 0.02% இடுவார்கள். அது, இரண்டாவது பிறபொருளெதிரியில் ஒட்டியிருந்து பட்டையைக் காட்டும் எச்ஆர்பி நொதியத்தைக் கொல்லும். இரண்டாவது பிறபொருளெதிரிக் கரைசலில் இட்டால் வெற்றுத் தாள்தான் கிடைக்கும். சிக்கல் 4ஐயும் அதுவே தடுப்பதால், தொழிற்பாட்டை அளக்கும் மாதிரியின் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். மின்சாரம் போய் வரும் ஆய்வுகூடத்தில் குப்பி திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் நீர்ப்பாயம் வலுவிழக்கும். வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து, சமபங்கு கிளிசரோல் சேர்த்து மறை 20 பாகையில் வையுங்கள். அந்தக் குளிரிலும் அது உறையாது. குப்பியின் மேல் எந்த முயல், எத்தனையாவது குருதியெடுப்பு என்பதை எழுதுங்கள். எடுப்புக்கு எடுப்பு வலு மாறும், 1:500இலிருந்து 1:5000 வரை மறுபடியும் ஐதாக்கிப் பார்க்க வேண்டிவரும்.