ஸ்மார்ட் கேஷுவல்: அழைப்பிதழின் கடைசி வரி

அழைப்பிதழில் கடைசி வரிதான் வம்பு. நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் தமிழாக்கிவிட்டேன். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தாருக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் சேர்த்துச் சென்னையில் ஒரு ஓட்டலில் இரவு விருந்து வைக்கிறார்கள். ஆங்கில அழைப்பின் அடியில் ‘உடை: ஸ்மார்ட் கேஷுவல்’ என்று இருந்தது. முந்தைய ஆண்டு யாரோ அதைக் கணினியிடம் கொடுத்து, அது கக்கிய ‘புத்திசாலித்தனமான சாதாரண உடை’ என்பதை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். பட்டறை ஆட்கள் அந்த அழைப்பைத் தகவல் பலகையில் குத்திவைத்து ஒரு மாதம் சிரித்தார்களாம். சிரித்தார்களே தவிர, என்ன போடுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. பாதிப் பேர் தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்தார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா? ஒருவர் மட்டும் தன் கல்யாண வரவேற்புக்குத் தைத்த கோட் சூட்டில் வந்து, ஏசி அறையிலும் நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆண்டு அந்த வரி என்னிடம் வந்தது.

பொருள் என்னவோ எளிதுதான். கோட், டை வரை போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும் கோலத்திலும் வர வேண்டாம். ஆண்கள் என்றால் காலர் வைத்த சட்டை, இஸ்திரி மடிப்போடு. பருத்திப் பேண்ட், அல்லது கிழிசலும் வெளுப்பும் இல்லாத கருநீல ஜீன்ஸ். மூடிய தோல் ஷூ. டை கிடையாது. மேலே பிளேசர் போடுவது அவரவர் விருப்பம், அந்த அறையின் ஏசியைப் பொறுத்தது. பெண்களுக்கு நல்ல காட்டன் புடவையோ சுங்குடியோ, குர்த்தாவோ, சுடிதாரோ எதுவும் பொருந்தும். காஞ்சிப் பட்டும் கழுத்து நிறைய நகையும் வேண்டாம்.

பிறகு ஏன் தடுமாறுகிறோம்? நம் வீட்டு பீரோவில் துணிகள் வேறு கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு, வெளியே போக, விசேஷத்துக்கு என்று மூன்று தட்டு. இந்தச் சட்டை எந்தத் தட்டு என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆபீஸ் விருந்து இந்த மூன்றிலும் சேராது. விசேஷம் மாதிரி சாப்பாடு இருக்கிறது, ஆனால் மொய் கிடையாது. வெளியே போவதுதான், ஆனால் மேலாளர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இனி சொற்களுக்கு வருவோம். ‘ஸ்மார்ட்’ பிறந்த இடம் வலி. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு எரிதல், குத்துதல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் வலியைக் குறிக்கும் ‘ஷ்மெர்ட்ஸ்’ அதன் உறவுக்காரச் சொல். கண்ணில் சோப்பு பட்டால் கண் ‘ஸ்மார்ட்’ ஆகிறது என்று இன்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். குத்துகிற வலியிலிருந்து வேகமும், வேகத்திலிருந்து புத்திக் கூர்மையும் வந்தன. 18ஆம் நூற்றாண்டு வாக்கில் கச்சிதமாக உடுத்துவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பின்னாளில் பிரிட்டனில் உடைப் பொருளும் அமெரிக்காவில் மூளைப் பொருளும் ஓங்கின. கணினி தடுக்கி விழுந்தது இந்த இரண்டாவது பொருளில்தான்.

வலியிலிருந்து வேகத்துக்குப் போகும் இந்த வழி நமக்குப் புதிதல்ல. முள் ‘சுறுக்’கென்று தைக்கிறது, வேலை தெரிந்த பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கிறது. சூட்டிகை என்ற சொல்லில் சூடு தெரிகிறதா என்று சொல்லிப் பாருங்கள்.

‘கேஷுவல்’ இன்னும் சுவாரஸ்யமானது. இலத்தீனில் ‘காடெரே’ என்றால் விழுதல். விழுந்தது ‘காசுஸ்’; அதாவது யாரும் திட்டமிடாமல் நேர்ந்தது. ஆஸ்பத்திரியின் கேஷுவால்ட்டி வார்டும், வக்கீலிடம் இருக்கும் கேஸும் இந்த ஒரே வேரில் முளைத்தவை. அரசு அலுவலகத்தில் ‘கேஷுவல் லீவ்’ என்பதைத் தமிழாக்கியவர் இந்த வேரை நன்றாக அறிந்தவர்: தற்செயல் விடுப்பு. முன்கூட்டித் திட்டமிடாமல் வந்துசேர்ந்த காரணத்துக்கு எடுக்கும் விடுப்பு. பொங்கலுக்கு முந்தின நாள் அலுவலகம் முழுவதற்கும் ஒரே தற்செயல் நேர்வது வேறு கதை. இலங்கையில் இதே சொல் இன்னொரு வழியில் போனது. அங்கே அரசுச் சுற்றறிக்கைகளில் ‘அமைய ஊழியர்’ என்று வரும். அமையம் என்றால் வேளை, தருணம். அந்தந்த வேளைக்கு எடுத்துக்கொள்ளும் ஆள்.

உடைக்கு இந்தச் சொல் வந்ததும் அந்தப் பொருளில்தான்: கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்தது. ஆக, ஸ்மார்ட் என்றால் கவனித்து உடுத்தியது, கேஷுவல் என்றால் கவனிக்காமல் உடுத்தியது. ஒன்றையொன்று இழுக்கிற இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியிருக்கிறார்கள். கவனித்து உடுத்து, ஆனால் கவனித்தது தெரியக் கூடாது என்பதுதான் உள்ளர்த்தம்.

இப்படிப் பூட்டியது எப்போது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றில் 1924லேயே இந்தச் சொற்சேர்க்கை அச்சேறியிருக்கிறது. அலுவலகத்துக்குள் நுழைய வெகுநாள் பிடித்தது. அதற்கு வழி திறந்தது ஹவாய்த் தீவுகள். அந்த வெக்கையில் கோட் போட்டு மாய்வானேன் என்று கோட் போடுகிறவர்களைவிடச் சட்டை விற்பவர்கள்தான் கவலைப்பட்டார்கள். 1962இல் அங்கிருந்த ஆடைத் தொழில் சங்கம் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு பூப்போட்ட அலோகா சட்டைகளைப் பரிசாகக் கொடுத்தது. 1966 முதல் வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு அந்தச் சட்டை போடுவது வழக்கமாயிற்று.

அது மெல்ல அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பரவி, 1990களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் சூடுபிடித்தது. சம்பளம் கூட்டிக் கொடுக்க வழியில்லாத நிறுவனங்கள், காசு செலவில்லாத சலுகையாக வெள்ளிக்கிழமை டையைக் கழற்ற அனுமதித்தன. ஊழியர்கள் அரைக்கால் சட்டையிலும் ரப்பர் செருப்பிலும் வந்து நிற்கவே மேலாளர்கள் அலறினார்கள். அங்கேதான் லீவைஸ் நிறுவனம் புகுந்தது. 1986இல் அது டாக்கர்ஸ் என்ற பெயரில் காக்கிப் பேண்ட்களை விற்கத் தொடங்கியிருந்தது. 1992இல் அலுவலகத்துக்கு எளிதாக உடுத்துவது எப்படி என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைப் போட்டு, சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. படங்களில் இருந்தது என்ன துணி என்று சொல்லவா வேண்டும்? இன்று நம் ஊர் அலுவலகங்களில் ஓடும் உடை விதிகள் பலவற்றின் பாட்டன் அந்தக் கையேடு. காக்கி என்ற சொல் ‘மண் நிறம்’ என்ற பொருளில் பாரசீகம், உருது வழியாக இந்தியாவில் படையினருக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஏறியது. நம் காவல்துறையின் நிறம் அங்கே ஓய்வு நாளின் நிறமாகிவிட்டது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? கைவசம் இருந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

‘சாதாரண உடை’ முதலில் அடிபட்டது. செய்தித்தாளில் சாதாரண உடையில் இருப்பவர் யார்? போலீஸ்காரர். ‘சாதாரண உடையில் நின்றிருந்த போலீசார் சுற்றி வளைத்தனர்.’ மஃப்டி என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த தமிழ் அது. விருந்து அழைப்பில் அதைப் போட்டால் பிரியாணிப் பந்தியில் யாரையோ பிடிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். ‘எளிய உடை’யும் சரிப்படவில்லை. தமிழில் எளியவர் என்றால் ஏழை. எளிய உடை என்றதும் கதர் கட்டிய தியாகி ஒருவர் கண்முன் வருகிறார். ‘முறைசாரா உடை’ அகராதிப்படி சரி. முறைசாராக் கல்வி, முறைசாராத் தொழிலாளர் என்றெல்லாம் சொல்கிறோம். ஆனால் அதில் கோப்பு வாசம் அடிக்கிறது. தவிர, முறை தவறி உடுத்திக்கொண்டு வாருங்கள் என்பது போலவும் காதில் விழுகிறது.

ஸ்மார்ட்டுக்கு எல்லோரும் பரிந்துரைத்த சொல் ‘மிடுக்கு’. நல்ல சொல். மிடல் என்றால் வலிமை. மிடுக்குக்கும் முதற்பொருள் அதுவே. வலிமையிலிருந்து நடைக்கும், நடையிலிருந்து தோற்றத்துக்கும் வந்த சொல், ஸ்மார்ட் வந்த அதே மாதிரி. ஆனால் இன்று மிடுக்கு என்றால் அணிவகுப்பில் வரும் அதிகாரியும், மீசையை நீவிக்கொள்ளும் மாப்பிள்ளையும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அது நிமிர்ந்து நிற்கிற சொல். சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு அது விறைப்பு.

எனக்குப் பிடித்தது ‘நேர்த்தி’. இதைத் தோண்டப் போனபோதுதான் ஒரு வியப்பு கிடைத்தது. நேர் என்றால் ஒழுங்கு, செம்மை; அதன் வழி வருவது நேர்த்தி. ஸ்மார்ட்டின் இடம் அது. ஆனால் நேர்தல் என்றால் நிகழ்தலும்தானே? ‘விபத்து நேர்ந்தது’ என்கிறோம். இலத்தீன் ‘காசுஸ்’ சொல்வதும் இதையே. அரசாணைகளைப் படித்தவர்களுக்கு ‘இந்நேர்வில்’ என்ற தொடர் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் கேஸ் என்று வரும் இடத்தில் அரசுத் தமிழ் வைத்திருக்கும் சொல் நேர்வு. கேஸும் கேஷுவலும் ஒரு தாய் மக்கள் என்று மேலே பார்த்தோம். ஆங்கிலம் ஒன்றைத் தன் வீட்டிலும் மற்றதை இலத்தீனிலும் எடுத்துச் சேர்த்துக் கட்டிய இரு பொருளும், தமிழில் ‘நேர்’ என்ற ஒரே வடிவத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மகிழ்ச்சியில் ‘நேர் உடை’ என்று எழுதிவிடப் பார்த்தேன். தையற்காரர் கிழக்கா மேற்கா என்று கேட்பார்.

கேஷுவலுக்கு ‘இயல்பு’ என்பதைத் தேர்ந்துகொண்டேன். வலிந்து செய்யாதது, பாசாங்கு இல்லாதது. ஆக: நேர்த்தியான இயல்பு உடை. சேர்த்து ‘இயல்புடை’ என்று எழுதினால் இலக்கணம் தலையசைக்கும். ஆனால் பள்ளியில் குறள் மனப்பாடம் செய்தவர்கள் ‘இயல்புடைய மூவர்க்கும்’ என்று வாசித்து, யார் அந்த மூவர் என்று தேடுவார்கள். பிரித்தே அச்சிடச் சொன்னேன்.

எந்தச் சொல்லைப் போட்டாலும், உடையின் தரம் துணியில் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு மெட்ராஸ் கட்டத்தைவிடச் சாட்சி வேண்டாம். நம் தறிகளில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி அது. இந்த ஊரின் பெயரையே சுமந்துகொண்டு உலகம் சுற்றியது. 1950களின் கடைசியில் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதில் சட்டையும் கோட்டும் தைத்து விற்றது. துவைத்தால் சாயம் இறங்கும் என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மற்றத் துணியெல்லாம் பாழாகிச் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே தூக்கிப் பிடித்து, ‘சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்’ என்று விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம்! அந்நாட்டுக் கோடைக்கால மன்றங்களில் மெட்ராஸ் கட்டக் கோட் இன்றும் அசல் ஸ்மார்ட் கேஷுவல். அதே கட்டம் நம் வீட்டில் லுங்கி. அதைக் கட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடையைத் தாண்டமாட்டோம்.

அழைப்பின் வரைவு போன மறுநாள் ஒரு மேற்பார்வையாளர் தொலைபேசியில் கேட்டார், வேட்டி கட்டலாமா என்று. தயங்கித்தான் கேட்டார். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி கட்டி வந்தவரை மன்றமோ சங்கமோ பொது இடத்தில் தடுத்தால் உரிமம் போகும், சிறைத் தண்டனையும் உண்டு. தாராளமாகக் கட்டலாம் என்றேன். கூடவே, கரையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நிறக் கரை என்றால் கட்சி, அகலமான ஜரிகை என்றால் கல்யாணம். மெல்லிய ஒற்றைக் கரை போதும், மேலே அரைக்கைச் சட்டை. வேட்டிக்கு ஷூ பொருந்தாதே என்றார். தோல் செருப்பு போதும் என்று சொல்லிவிட்டு, மூடிய காலணி என்று அழைப்பில் எழுதியிருந்த விளக்க வரியை நானே திருத்த வேண்டியதாயிற்று.

அந்த விளக்கத்தில் ‘சீருடையில் வர வேண்டாம்’ என்றும் எழுதியிருந்தேன். அதட்டுவது போல இருக்கிறது என்று அலுவலகத்தில் அடித்துவிட்டார்கள். ‘சீருடைக்கு அன்று தற்செயல் விடுப்பு’ என்று மாற்றிக் கொடுத்தேன். அச்சாகிவிட்டது.