டாங்க்: குளமா, தொட்டியா, தாங்கியா?

பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஆங்கிலப் பந்தி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டு வந்து காட்டினாள் பெறாமகள். திருகோணமலையைப் பற்றிய பந்தி. "கந்தளாய்த் தாங்கியிலிருந்து தம்பலகாமத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்கிறது" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாங்கி என்றதும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், கொங்கிறீற் மேடையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் உருளைதான் கண்ணுக்குள் வந்தது.

"ஏன் சித்தப்பா சிரிக்கிறீங்கள்? டாங்க் என்றால் தாங்கிதானே? சீனக்குடாவில் இருக்கிறதை எண்ணெய்த் தாங்கி என்றுதானே எல்லாரும் சொல்லுறாங்கள்?"

அவள் கேட்டதும் நியாயம்தான். டாங்க் என்ற ஒரே ஆங்கிலச் சொல், நமது மாவட்டத்துக்குள்ளேயே ஆளுக்கொரு வேடம் போட்டு நிற்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் ஆங்கிலேயர் ஊரில் பிறந்ததே இல்லை. குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு 'டாங்கே' என்பதுபோல ஒலிக்கும் சொற்கள் உண்டு. போர்த்துக்கேய மொழியில் 'தாங்கே' என்றால் குளம். தண்ணீரை மறித்துக் கட்டுவதைக் குறிக்கும் 'எஸ்தங்கார்' என்ற வினையிலிருந்து வந்தது அது. இந்த இரண்டில் எது தாய் என்று சொல்லாராய்ச்சிக்காரர் இன்னும் இழுபறிப்படுகிறார்கள். ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இங்கே வந்த போர்த்துக்கேயர் தங்கள் சொல்லைப் போலவே ஒலிக்கும் ஒரு சொல்லை ஊர்ச் சனத்தின் வாயில் கேட்டால் விடுவார்களா? நமக்கு அலுமாரி, மேசை, குசினி எல்லாம் தந்துவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

எப்படியோ, 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் டாங்க் என்று எழுதியது குளத்தைத்தான். பிறகு சொல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. போன இடத்தில், திரவம் அடைத்து வைக்கும் பெரிய கொள்கலன் என்று பொருள் மாறிவிட்டது. இங்கே மட்டும் பழைய பொருள் அப்படியே தங்கிற்று. இலங்கை ஆங்கிலத்தில் கந்தளாய் இன்றைக்கும் டாங்க்தான். லண்டனிலிருந்து புதிதாக வருகிற ஒருவர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் இரும்புத் தொட்டியைத்தான் தேடுவார்.

கந்தளாயைப் பார்த்தவருக்கு அந்தக் குழப்பம் வராது. பட்டணத்திலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். வரலாற்று நூல்கள் 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியோடு சேர்த்துச் சொல்லும் குளம் அது. நமது மரபோ குளக்கோட்டன் என்ற மன்னனைச் சொல்லும். அவன் பெயரிலேயே குளம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அதன் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. அதைக் கண்டவர்களிடம் போய் "தாங்கி உடைந்தது" என்று சொல்லிப் பாருங்கள்.

குளத்துக்கென்றே ஒரு பேச்சு இருக்கிறது. கட்டு, அலைகரை, துருசு (மதகு), வாய்க்கால். மிச்சத் தண்ணீர் வெளியேறக் கட்டில் விட்ட வழிக்கு வான் என்று பெயர். மாரி மழைக்கு நிரம்பினால் "குளம் வான் பாயுது" என்பார்கள். வீட்டுத் தாங்கி நிரம்பினால் அது வழியும், அவ்வளவுதான். "மோட்டரை நிப்பாட்டுங்கோ" என்று குசினியிலிருந்து ஒரு குரல் வரும். மொழிபெயர்க்கிறவருக்கு நான் சொல்லும் சோதனை இதுதான்: வான் பாய்ந்தால் குளம், வழிந்தால் தாங்கி. சிங்களத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு சொல்தான்: குளம் 'வெவ', தொட்டி 'டெங்கிய'.

சரி, சீனக்குடா. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காக அங்கே கட்டிய எண்ணெய்க் கொள்கலன்களில் இன்று கணக்கில் இருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியர் குண்டு போட்டபோது, முதலில் கட்டியவற்றில் ஒன்று அழிந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பங்கு பிரித்தார்கள். இவற்றுக்குத் தாங்கி என்பதே நல்ல பெயர். டாங்கியின் முதலெழுத்தை மாற்றினால் தாங்கி. 'தாங்கு' என்ற நமது வினையும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒலியும் பொருளும் இப்படிச் சேர்ந்து அமைவது லேசில் கிடைக்காது. ஒரு சின்னக் குறை உண்டு. சுமைதாங்கி, இடிதாங்கி என்ற வரிசையில் பார்த்தால், தண்ணீரை உண்மையில் தாங்கி நிற்பது அந்தக் கொங்கிறீற் மேடைதான். போகட்டும்.

சண்டைக்கு வரும் டாங்கி வேறு கதை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அந்த இரும்பு வண்டியை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று சொல்லி மறைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15 சொம் போர்க்களத்தில் அது முதல்முதலாக இறங்கியபோது, மூடிவைத்த அந்தப் பெயரே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 'யுத்தத் தாங்கி' என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. அது யுத்தத்தைச் சுமக்கிற ஏதோ ஒன்று போல இருக்கிறது. கவச வாகனம் என்றால் பொருள் விரிந்துவிடும், பீரங்கி இல்லாத கவச வண்டியும் அதற்குள் வரும். பொய்ப்பெயரை மொழிபெயர்த்து என்ன பயன்? டாங்கி என்றே விட்டுவிடலாம்.

மீன் வளர்ப்பது தொட்டி. கோயிலடியில் இருப்பது கேணி. மோட்டார் சைக்கிளில் இருப்பதை டாங்கி என்றுதான் எவரும் சொல்லுவார். எழுதும்போது எரிபொருள் தாங்கி என்று வைக்கலாம். 'திங்க் டாங்க்' என்பதற்கு சிந்தனைக் குழாம் என்று நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கட்டுரையில் அது அச்சுப் பிழையாகிச் 'சிந்தனைக் குளம்' என்று வந்திருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு ஆழமோ! கையில்லாத மேற்சட்டைக்கு 'டாங்க் டாப்' என்று பெயர் வந்தது, நீச்சல் தடாகத்தையும் டாங்க் என்று சொன்ன காலத்து நீச்சலுடையிலிருந்து.

பெறாமகள் பேனையை எடுத்து 'தாங்கி'யை வெட்டிக் 'குளம்' என்று எழுதினாள். அப்புறம் வாசலைக் காட்டி, "அப்ப அது?" என்றாள். தண்ணீர் கொண்டு வரும் பவுசர் ஒழுங்கைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அது டாங்கரும் இல்லை, தாங்கியும் இல்லை. அமெரிக்காவில் எண்ணெய்ப் பம்பு செய்த பவுசர் என்ற ஒரு மனிதனின் பெயர். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.