வெயிலும் கேமராத் திரையும்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் காவடிகளைப் படமெடுக்கும் பலர், உச்சி வெயிலில் திரையைப் பார்த்துவிட்டு, "இருட்டா இருக்கே" என்று எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, கூட்டுவார்கள். வீட்டில் கணினியில் திறந்தால் வெள்ளை வேட்டியின் மடிப்புகளே இருக்காது. கேமரா சரியாகத்தான் எடுத்திருந்தது. திரையை வெயிலில் வைத்துத் தீர்ப்புச் சொன்னதுதான் கோளாறு.

மேகமில்லாத சிங்கப்பூர் மதியத்தில் தரையில் விழும் வெளிச்சம் 1,00,000 லக்ஸை எட்டும். அந்த வெயிலில் வெள்ளைத் துணியின் பிரகாசம் சதுர மீட்டருக்குச் சுமார் 30,000 கேண்டெலா. கேமராத் திரை தருவதோ பெரும்பாலும் சில நூறு கேண்டெலா. வேட்டியைப் பார்த்துப் பழகிய கண் திரைக்குத் திரும்பும்போது, எந்தப் படமும் மங்கலாகத்தான் தெரியும்.

இன்னொரு கெடுதல், கண்ணாடியில் பிரதிபலிக்கும் வெளிச்சம். ஒரு திரையின் வெள்ளை 500 கேண்டெலா, கறுப்பு அரை கேண்டெலா என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 1000 மடங்கு வித்தியாசம். வானமும் உங்கள் சட்டையும் கண்ணாடியில் பிரதிபலித்து எல்லா இடத்திலும் 250 கேண்டெலா கூட்டினால் வெள்ளை 750, கறுப்பு 250. வித்தியாசம் வெறும் 3 மடங்கு! நிழலில் இருக்கும் முகமும் கறுத்த தலைமுடியும் ஒரே சாம்பலாகிவிடும். திரையின் பிரகாசத்தை முழுதாகக் கூட்டினாலும் இது முழுதாகத் தீராது. அதே பிரகாசத்தோடு இரவில் பார்த்தால் நேர்மாறு: இருட்டாக எடுத்த படமும் பளிச்சென்று தெரியும்.

அதனால் திரையில் படத்தை விட ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை புள்ளிகள் எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கின்றன என்ற கணக்கு அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. வெயில் அந்தக் கணக்கை மாற்றாது. வலது ஓரத்தில் வரைபடம் சுவரில் முட்டியதுபோல் குவிந்தால் வெள்ளை வெந்துவிட்டது, அங்கே விவரம் எதுவும் மிஞ்சவில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒற்றை வெள்ளை வரைபடத்தை மட்டும் நம்பினால் காவடி விழாவில் ஏமாற்றம்தான். அது பச்சைக்கு அதிக எடை கொடுத்து மூன்று வண்ணங்களையும் கலந்து போடுகிறது. காவித் துணியின் ஒரு புள்ளியில், 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 255, பச்சை 120, நீலம் 20 என்றால், கலந்த மதிப்பு சுமார் 149. வரைபடத்தில் அது நடுவில் சாதுவாக நிற்கும்; சிவப்போ உச்சியைத் தொட்டுவிட்டது, துணியின் நெசவு மறைந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் பல கேமராக்களில் உண்டு. விழாவுக்குக் கிளம்பும் முன் அமைப்புகளில் தேடி இயக்கி வையுங்கள்.

ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுப்பவர்களுக்கு ஒன்று: இந்த வரைபடம் பெரும்பாலும் கேமரா உருவாக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருவது. ராவில் உச்சிப் பக்கம் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். வெள்ளைத் துணியை வெயிலில் வைத்து, எக்ஸ்போஷரைப் படிப்படியாகக் கூட்டி எடுத்துப் பாருங்கள், உங்கள் கேமராவின் எல்லை தெரிந்துவிடும்.