வலிக்காத காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

விடுமுறைக் காலம் தொடங்கினால் போதும், சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் எங்கள் கிளினிக்கில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். பத்து, பதினைந்து வருடமாகச் சுகர். ஒரே நாளில் ஊரையே காட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. காலையில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், அங்கிருந்து நடந்தே மெர்லயன் சிலை, பிறகு மரினா பே சுற்று, ஹீலிக்ஸ் பாலம், கார்டன்ஸ் பை த பேயில் விளக்குக் காட்சி. மரினா பேயைச் சுற்றி வந்தாலே மூன்றரை கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்து சாக்ஸில் கறையைப் பார்த்து மருமகள் கூட்டி வருவார்.

போன வாரம் வந்த பெரியவரின் ஷூ புத்தம் புதியது, பயணத்துக்கென்றே வாங்கியது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். நுனியில், வடிவம் கெடாமல் இருக்கக் கடையில் திணிக்கும் காகித உருண்டை அப்படியே இருந்தது. அதோடுதான் நாள் முழுக்க நடந்திருக்கிறார். கட்டைவிரல் நுனி கருத்து, நகத்தோரம் சீழ் கட்டியிருந்தது. “வலியே இல்லையே டாக்டர்” என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை, அதுதான் நோய். ஷூவுக்குள் ஒரு சிறு கல் விழுந்தாலும் நமக்கு நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாது, நின்று உதறிவிடுவோம். பல வருடச் சுகரில் பாதத்து நரம்பு கெட்டவருக்கு அந்தக் கல் இருப்பதே தெரியாது, அதன் மேலேயே பத்தாயிரம் அடி நடப்பார். “முன்பெல்லாம் பாதம் எரியும், இப்போது எரிவதே இல்லை, குணமாகிவிட்டது” என்று சந்தோஷமாகச் சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயம். எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு முழுதாகச் செத்துப்போனாலும் எரிச்சல் நின்றுவிடும். “எனக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது” என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்ப்போம். சில நிமிட வேலை. டிக்கெட் போடும் முன் ஊரிலேயே செய்துகொண்டு வாருங்கள்.

நடந்தால் சுகருக்கு நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், பழகிய அளவுக்கு. வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பவர் ஒரே நாளில் எட்டு மணி நேரம் நடப்பது வேறு விஷயம். அதுவும் கிளிமெபிரைடு மாதிரி சுகரைக் குறைக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளினால் சுகர் சரேலென்று இறங்கும். அப்போது வியர்க்கும், கை நடுங்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. நடுக்கமோ தடுமாற்றமோ தெரிந்தால் உடனே உட்கார வைத்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது ஜூஸ் கொடுங்கள். டயட் பானம் உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஷூ. பயணத்துக்குப் புது ஷூ வேண்டவே வேண்டாம், குறைந்தது இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பழகியது போதும். புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால், கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் வாங்குங்கள். மாட்டும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கோயிலில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும், ஆகவே வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். சுட்ட தரையும் இந்தக் கால்களுக்குத் தெரியாது. சாக்ஸோடு உள்ளே வரலாமா என்று கேட்டுப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவு வந்ததும் கால் அலுப்புக்கு வெந்நீரில் ஊற வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். அப்படி வெந்து வந்த பாதங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா தன் பாதத்தைக் குனிந்து பார்க்க மாட்டார், பார்த்தாலும் கண் சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் உங்கள் விடுமுறை கெடக்கூடாது என்று சொல்ல மாட்டார். சுற்றிவிட்டு வந்த இரவு நல்ல வெளிச்சத்தில் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நீங்களே பாருங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம். கொப்புளம் இருந்தால் குத்தாதீர்கள், சுத்தமாகக் கட்டி மறுநாள் நடையை நிறுத்துங்கள். சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், அல்லது விரல் கருத்தால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள்.